மறுக்கத் தெரிந்த தரவுத்தளம்

இணையச் செயலி ஒன்றுக்குத் தரவுத்தளம் தெரிவுசெய்யப்படும் முறை மென்பொருள் அலுவலகங்களிலும் பல்கலைக்கழக வகுப்புகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட், ஒராக்கிள், எஸ்க்யூஎல் சேர்வர் என்னும் பெயர்கள் ஓர் அட்டவணையின் தலையில் வரிசையாக நிற்கும்; பரிவர்த்தனை, அந்நியச் சாவி, தூண்டி, யுனிகோட், ஜேசன் என்று வசதிகளின் பெயர்கள் இடப்பக்கத்தில் இறங்கும்; கட்டங்களில் சரி அடையாளமோ பிழை அடையாளமோ இடப்படும். சரி அடையாளம் கூடிய நிரல் வெல்லும். எல்லா நிரல்களும் நிரம்பிக் கிடந்தால், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்ற முடிவு எட்டப்படும். இந்த இரண்டு முடிவுகளும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை. ஒரு தரவுத்தளம் எந்தக் கட்டளையை ஏற்றுக்கொள்கிறது என்பதை அட்டவணை காட்டுகிறது. எந்தத் தரவை உள்ளே விட மறுக்கிறது என்பதை அது காட்டுவதில்லை. பதிவேடு ஒன்றை நம்பலாமா என்பது இரண்டாவதில்தான் தங்கியிருக்கிறது.

தொடர்புசார் தரவுத்தளம் என்பது தகவல்களை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக வைத்து, ஓர் அட்டவணையின் நிரையை இன்னோர் அட்டவணையின் நிரையோடு பொதுவான பெறுமானம் ஒன்றினால் இணைக்கும் அமைப்பு. ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் கொட் 1970இல் வெளியிட்ட கட்டுரை அதற்குக் கணித அடிப்படை தந்தது. அதை இயக்கும் எஸ்க்யூஎல் மொழி 1986இல் அமெரிக்க நியமமாகவும் அடுத்த ஆண்டு சர்வதேச நியமமாகவும் ஆகி, 1992, 1999, 2003, 2016 என்று பதிப்புக்குப் பதிப்பு பருத்தது. நியமம் முழுவதையும் நிறைவேற்றிய தயாரிப்பு எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை எடுத்துத் தன் சொந்த நீட்டிப்புகளையும் சேர்த்துக்கொண்டதால்தான் ஒப்பீட்டு அட்டவணைக்குத் தேவை எழுந்தது. அந்தத் தேவை நியாயமானது. ஆனால், கொட் பின்னர் விளக்கியபடி, தரவு மாதிரி என்பது கட்டமைப்பு, செயல்கள், ஒருமைப்பாட்டு விதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்தது. ஒப்பீட்டு அட்டவணைகள் முதல் இரண்டையும் விரிவாகக் கணக்கெடுத்துவிட்டு மூன்றாவதையும் அதே சரி அடையாளத்துக்குள் அடைத்துவிடுகின்றன. விதி பெயரளவில் இருப்பதும் விதி நிறைவேற்றப்படுவதும் வேறு வேறு என்பதைச் சொல்ல அந்த அடையாளத்துக்கு வழியில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க அம்பாறைக் கரையைவிடப் பொருத்தமான இடம் அரிது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கை 35,000க்கும் மேற்பட்டோரை இழந்தபோது, மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறைக்கே நேர்ந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது தொடங்கித் தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில் வரை கரையோர ஊர்கள் ஒரே காலைப்பொழுதில் சிதறின. யார் உயிரோடு இருக்கிறார், எந்த முகாமில் இருக்கிறார், அவருடைய குடும்பத்தில் யாரைக் காணவில்லை, எந்த நிவாரணப் பொருள் எங்கே தேங்கிக் கிடக்கிறது என்னும் கேள்விகளுக்கு விடை தேடி, லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சுற்றித் திரண்ட தொண்டர்கள் சில நாட்களில் கட்டியெழுப்பிய இணையச் செயலியே ‘சஹானா’. பிஎச்பி மொழியிலும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலும் எழுந்த அது, 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பீன்ஸ் மண்சரிவிலும் பயன்பட்டது. சமூகப் பயனுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006ஆம் ஆண்டுக்கான விருதையும் பெற்றது. பேரிடர் முகாமைத்துவ மென்பொருள் என்று உலகம் இன்று பேசும் துறையின் தொடக்கப் பக்கங்களில் இலங்கையின் பெயர் இருப்பது இதனால்தான்.

அன்றைய ஒப்பீட்டு அட்டவணை மைஎஸ்க்யூஎல்லுக்குக் கடைசி இடத்தையே தந்திருக்கும். வினவலுக்குள் இன்னொரு வினவலை வைக்கும் வசதி 2004இல் வெளிவந்த 4.1 பதிப்பில்தான் அதற்கு வாய்த்தது. ஒரு நிரை மாறும்போது தானாக இயங்கும் தூண்டி, சேமித்துவைத்த வினவலை அட்டவணைபோல் காட்டும் காட்சி, சேவையகத்திலேயே இயங்கும் செயல்முறை ஆகியவை 2005 ஒக்டோபரில் வந்த 5.0 பதிப்பு வரை இல்லை. போஸ்ட்கிரெஸ் இவற்றைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெற்றிருந்தது. அட்டவணையை நம்பியிருந்தால் தொண்டர்கள் மைஎஸ்க்யூஎல்லைத் தொட்டிருக்கக் கூடாது. ஆனால், நாட்கணக்கில் கட்ட வேண்டிய ஒன்றுக்கு, நாட்டின் இணைய நிரலாளர்கள் பலர் அறிந்ததும் எந்த மலிவான சேவையகத்திலும் கிடைத்ததுமான கருவியை எடுத்தது தவறாகாது. காணாமற்போனோர் பதிவேட்டுக்குத் தூண்டியும் காட்சியும் கட்டாயத் தேவைகள் அல்ல. இல்லாதவை என்று அட்டவணை பழித்தவை அந்த வேலைக்கு வேண்டாதவையாக இருந்தன. உண்மையான ஆபத்து, உண்டு என்று அது புகழ்ந்தவற்றில் இருந்தது.

அந்நியச் சாவி அதற்கு நல்ல சான்று. ஆள் பதிவில் உள்ள முகாம் இலக்கம் முகாம் அட்டவணையில் உண்மையிலேயே இருக்கும் ஒரு முகாமைச் சுட்ட வேண்டும் என்ற விதியே அந்நியச் சாவி. பாடசாலையில் இயங்கிய முகாம் மூடப்பட்டு அங்கிருந்தவர்கள் வேறிடத்துக்கு மாற்றப்படும்போது, பழைய முகாமின் நிரையை யாரேனும் அழித்தால், அதைச் சுட்டி நிற்கும் ஆட்கள் இருக்கும்வரை தரவுத்தளம் அதை அனுமதிக்கக் கூடாது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி என்னும் சேமிப்புப் பொறி இதைச் சரியாகச் செய்தது. அட்டவணையில் சரி அடையாளம் விழுந்தது அதனால். ஆனால் 2010இல் 5.5 பதிப்பு வரும்வரை இயல்புநிலையில் அமைந்த பொறி மைஐசாம். அந்நியச் சாவியை அறிவிக்கும் வரியை மைஐசாம் பிழைச் செய்தி ஏதுமின்றி வாசித்துவிட்டு அப்படியே புறக்கணிக்கும். எழுதியவர் விதி நடைமுறையில் இருப்பதாக நம்புவார். முகாமற்ற ஆட்கள் பதிவேட்டில் பெருகுவார்கள். எஸ்க்யூலைட்டின் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை: அந்நியச் சாவியை நிறைவேற்றும் ஆற்றல் 2009இலேயே அதற்கு வந்துவிட்டது, ஆயினும் ஒவ்வொரு இணைப்பிலும் தனிக் கட்டளையால் முடுக்கினாலன்றி அது இயங்காது. ஒரு வசதி இல்லை என்று நேராகச் சொல்லும் தரவுத்தளம், இருப்பதாகக் காட்டிக்கொண்டு செயற்படாததைவிட நூறு மடங்கு மேலானது. முன்னையதில் நிரலாளர் தம் காவலைத் தாமே போட்டுக்கொள்வார்.

நிரலில் வரக்கூடிய பெறுமானங்களை வரையறுக்கும் பெறுமானச் சோதனைக் கட்டுப்பாட்டின் வரலாறு இன்னும் மோசம். இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும்; பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்படும். எனவே அந்த மூன்று இலக்கங்கள் 1க்கும் 366க்கும் இடையில், அல்லது 501க்கும் 866க்கும் இடையில் மட்டுமே வர முடியும். 412 என்று ஒருவர் தட்டச்சிட்டால் அது கட்டாயம் பிழை. இதைச் சொல்ல எஸ்க்யூஎல்லில் ஒரு வரி போதும். போஸ்ட்கிரெஸ், ஒராக்கிள், எஸ்க்யூஎல் சேர்வர், எஸ்க்யூலைட் எல்லாம் அந்த வரிக்குக் கீழ்ப்படிந்து 412ஐத் திருப்பி அனுப்பும். மைஎஸ்க்யூஎல் அதே வரியை வாசித்து, அட்டவணை வெற்றியாக உருவாக்கப்பட்டது என்று விடையிறுத்து, விதியை மட்டும் எறிந்துவிடும். 2019 ஏப்ரலில் வந்த 8.0.16 பதிப்பு வரை இப்படித்தான். கிளைத்தயாரிப்பான மரியாடிபி மட்டும் 10.2 பதிப்பில் முந்திக்கொண்டது.

அடையாள அட்டை இலக்கத்தை எண் வகை நிரலில் வைத்தால் வேறொரு சிக்கல். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டைகளில் பிறந்த ஆண்டு நான்கு இலக்கமாகி மொத்தம் 12 இலக்கங்கள் உள்ளன. நான்கு பைற் அளவுள்ள முழுஎண் நிரல் ஒன்று தாங்கக்கூடிய உச்சப் பெறுமானம் 2147483647. அது பத்து இலக்கம்தான். பொருந்தாத பெறுமானத்தை மறுக்கும் கண்டிப்பான முறை என்னும் அமைப்பு இயல்புநிலையாக்கப்பட்டது 2015இன் 5.7 பதிப்பில். அதற்கு முந்திய மைஎஸ்க்யூஎல், 12 இலக்க எண்ணைக் கொடுத்தால் மறுக்காது, ‘எச்சரிக்கை’ ஒன்றை மட்டும் எழுப்பிவிட்டு அந்த உச்ச எண்ணையே சேமித்துவைக்கும். அந்த எச்சரிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பிஎச்பிச் செயலிகள் அரிது. புதிய அட்டை வைத்திருக்கும் அத்தனை பேரும், ஆண்பெண் வேறுபாடில்லாமல், ஊர் வேறுபாடில்லாமல், ஒரே இலக்கத்தின் கீழ் ஒன்றுசேர்வார்கள். பழைய அட்டையில் இறுதி எழுத்து உதிர்ந்துபோகும். அட்டவணையில் இதற்குரிய கட்டம் ‘முழுஎண் வகை’ என்பது. ஐந்து தரவுத்தளங்களிலும் சரி அடையாளம்.

ஒரே ஒரு நிரலை எடுத்து, ஒரே ஒரு ஊர்ப்பெயரை அதில் இட்டுப் பார்த்தாலே மீதியும் விளங்கும். ‘தம்பிலுவில்’ என்பதில் தமிழ் வாசகர் ஆறு எழுத்துகளை எண்ணுவார். யுனிகோட் என்னும் குறியீட்டு முறை மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் தனித்தனியாகக் கணக்கிடுவதால் அதற்கு இது பதினொரு குறியீடு. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற் பிடிப்பதால் மொத்தம் 33 பைற். இப்போது, நீளம் 30 என்று அறிவித்த எழுத்து நிரல் ஒன்றில் இந்தப் பெயரை இட்டால் நேர்வது என்ன? போஸ்ட்கிரெஸ் குறியீடுகளை எண்ணுகிறது; 11, 30க்குள் அடங்குவதால் பெயர் முழுமையாக உள்ளே செல்கிறது. ஒராக்கிள் இயல்புநிலையில் பைற்றுகளை எண்ணுவதால் 33, 30ஐ மிஞ்சிவிட்டது என்று பிழை காட்டித் திருப்பி அனுப்புகிறது. தமிழுக்கு அது அநியாயமானாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறது. எஸ்க்யூலைட்டுக்கு 30 என்ற எண் வெறும் அலங்காரம். முந்நூறு குறியீடு வந்தாலும் வாங்கிக்கொள்ளும். எஸ்க்யூஎல் சேர்வரில் இலத்தீன் ஒழுங்குக்கு அமைந்த சாதாரண எழுத்து நிரலாக அது இருந்தால், பிழை எதுவும் காட்டாமல் பதினொரு கேள்விக்குறிகளைச் சேமிக்கும். தேசிய எழுத்து வகை என்ற வேறு நிரலை அறிவித்து, எழுத்துச்சரத்தின் முன் அதற்குரிய எழுத்தையும் இட்டால் தமிழ் தமிழாக உள்ளே போகும்.

மைஎஸ்க்யூஎல்லின் கதை இந்த ஐந்திலும் நுணுக்கமானது. 8.0 பதிப்பு வரை அதன் இயல்புநிலை எழுத்துத் தொகுதி இலத்தீன். அதிலும் வரிசைப்படுத்தும் ஒழுங்கு சுவீடன் மொழியுடையது, அதை உருவாக்கிய நிறுவனம் சுவீடனில் இருந்தது என்ற ஒரே காரணத்தால். பழைய பிஎச்பிச் செயலிகள் பலவற்றில் இணைப்பும் இலத்தீன், நிரலும் இலத்தீன் என்று அமைந்திருந்ததால், தமிழின் பைற்றுகள் இலத்தீன் எழுத்துகளாக வேடமிட்டு உள்ளே போய் அதே வேடத்தில் வெளியே வந்தன. திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தது, ஆகவே யாரும் ஐயுறவில்லை. நீளம் 30 என்றால் அங்கே 30 பைற். 33 பைற் கொண்ட பெயரின் கடைசி மூன்று பைற்றுகள் வெட்டப்படும், அந்த மூன்றும் இறுதிப் புள்ளிக்குரியவை. பதிவேட்டில் நிற்பது ‘தம்பிலுவில’. கண்ணுக்கு அது தட்டச்சுப் பிழைபோல் தோன்றும். சரியான பெயரை இட்டுத் தேடினால் ஓர் ஆளும் அகப்படமாட்டார். உறவினரைத் தேடி வந்தவருக்கு ‘பதிவு இல்லை’ என்று திரை சொல்லும். யுனிகோட் ஆதரவு உண்டா என்ற வினாவுக்கு இந்த ஐந்து தரவுத்தளங்களும் உண்டு என்றே பதில் தரும், அந்தப் பதில் பொய்யுமல்ல.

பிழையான தரவைத் தரவுத்தளம் மறுக்க வேண்டும் என்பதற்கு எதிராக எழக்கூடிய வலுவான தடை ஒன்று மனிதாபிமானம் சார்ந்தது. முகாமில் வந்து நிற்பவர் வீட்டோடு அடையாள அட்டையையும் கடலுக்குக் கொடுத்தவர். அவரிடம் இலக்கம் கேட்டு, இல்லையென்றால் பதிய மறுக்கும் கண்டிப்பான தரவுத்தளம் அலுவலகக் கொடுமையின் இன்னொரு வடிவம்தானே என்று கேட்கலாம். அறியாத பெறுமானத்தையும் பிழையான பெறுமானத்தையும் ஒன்றாகக் கருதினால் மட்டுமே இந்தத் தடை நிற்கும். தொடர்புசார் மாதிரி இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: பெறுமானம் தெரியவில்லை என்பதற்கு வெற்றுநிலை என்ற தனிக் குறி உண்டு. அட்டை இல்லாதவரை வெற்றுநிலையோடு ஏற்று, 412ஆம் நாளில் பிறந்தவரை மட்டும் மறுப்பதே கேட்கப்படும் கண்டிப்பு. அந்தக் கண்டிப்பு இல்லாத இடத்தில் எழுதுவினைஞர் கட்டத்தை நிரப்புவதற்காகச் சுழியங்களை இடுவார். பிறகு எது தெரியாதது, எது பொய் என்று யாராலும் பிரிக்க முடியாது.

அப்படியிருந்தும் ஒப்பீட்டு அட்டவணை இங்கேயும் காலை வாரிவிடும். அடையாள அட்டை இலக்கம் இருவருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது என்பதற்காகத் தனித்துவக் கட்டுப்பாடு விதிக்கப்படுகிறது. எல்லாத் தரவுத்தளங்களிலும் அது உண்டு, எல்லாவற்றிலும் உண்மையாகவே நிறைவேறவும் செய்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட், ஒராக்கிள் ஆகியவை வெற்றுநிலை கொண்ட நிரைகளை எத்தனை வந்தாலும் ஏற்க, எஸ்க்யூஎல் சேர்வர் ஒன்றைத்தான் ஏற்கும். அட்டையை இழந்த முதலாமவர் பதியப்படுவார். இரண்டாமவர், வெற்றுநிலையும் வெற்றுநிலையும் சமம் என்ற காரணத்தால், ஏற்கெனவே பதிவானவர் என்று நிராகரிக்கப்படுவார். வெற்றுநிலையை விலக்கிய சுட்டி ஒன்றை அமைத்து இதைத் தவிர்க்கலாம், 2008 பதிப்பிலிருந்து அதற்கு வழியுண்டு. ஆனால் வழி தேட வேண்டும் என்பது தெரிந்திருந்தால்தானே தேடுவார்கள். ஒராக்கிளோ வெற்றுச் சரத்தையும் வெற்றுநிலையையும் ஒன்றாகவே கருதுகிறது. ‘பெயருக்கு முதலெழுத்து இல்லை’ என்பதும் ‘முதலெழுத்து தெரியவில்லை’ என்பதும் அங்கே ஒரே விடை. மறுக்க வேண்டியதை மறுப்பது எவ்வளவு முக்கியமோ, மறுக்கக் கூடாததை ஏற்பதும் அவ்வளவு முக்கியம். சரி அடையாளம் இரண்டையும் பற்றி வாய் திறப்பதில்லை.

‘சரிபார்ப்பதெல்லாம் செயலியின் வேலை, தரவுத்தளம் வெறும் களஞ்சியம்’ என்பது அடுத்த வாதம்; நடைமுறையில் அதிகம் கேட்கப்படுவதும் இதுவே. ஒரே செயலி, ஒரே வாசல், ஒரே நேரத்தில் ஒரே பயனர் என்றால் இது பொருந்தும். பேரிடர்ப் பதிவேடோ பிரதேச செயலகப் பதிவேடோ அப்படி இயங்குவதில்லை. கிராம உத்தியோகத்தர்கள் திரட்டிய பட்டியல்கள் விரிதாளாக வந்து நேரே அட்டவணையில் கொட்டப்படுகின்றன. தொண்டு நிறுவனத்தின் வேறொரு செயலி அதே அட்டவணையில் எழுதுகிறது. இரவு நேரத்தில் ஒருவர் நிர்வாகக் கருவியைத் திறந்து கையால் திருத்துகிறார். இந்த வாசல்களில் செயலியின் காவல் நிற்பதில்லை. ஒரே வாசல் என்றே வைத்துக்கொண்டாலும், அக்கரைப்பற்றில் இருக்கும் ஒருவரும் திருக்கோவிலில் இருக்கும் ஒருவரும் ஒரே ஆளை ஒரே கணத்தில் பதியும்போது, ‘இவர் ஏற்கெனவே உண்டா?’ என்று இரு செயலிகளும் கேட்கும், இரண்டுக்கும் ‘இல்லை’ என்ற விடை கிடைக்கும், இரண்டும் எழுதும். கேட்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் உள்ள அந்தச் சிறு இடைவெளியை மூடும் ஆற்றல் தரவுத்தளத்துக்கு மட்டுமே உண்டு. செயலி எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் அது அதன் கைக்கு எட்டாத தூரம்.

‘எல்லாம் ஒன்றுதான்’ என்னும் தரப்பு தன் நம்பிக்கையை இடையடுக்கின்மேல் வைத்திருக்கிறது. செயலியின் மொழியில் எழுதியதை அந்தந்தத் தரவுத்தளத்தின் எஸ்க்யூஎல்லாக மாற்றித்தரும் நூலகத்தையே இடையடுக்கு என்பர். அது இருந்தால் இன்று ஒன்றையும் நாளை இன்னொன்றையும் பூட்டிக்கொள்ளலாம் என்பது எண்ணம். சஹானாவின் பிஎச்பி வடிவம் அடோடிபி என்ற இடையடுக்கைப் பயன்படுத்தியது. பின்னர் பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்ட சஹானா ஈடன், வெப்டுபை என்னும் சட்டகத்தின் இடையடுக்கால் எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் மூன்றிலும் ஓடியது. எந்த நாட்டில், எந்த வசதியோடு நிறுவப்படும் என்று முன்கூட்டித் தெரியாத மென்பொருளுக்கு அது தேவையான ஏற்பாடு. ஆனால் நிலப்படத்தில் இடங்களின் எல்லைகளையும் தூரங்களையும் உண்மையாகக் கணக்கிட வேண்டிய கட்டம் வந்ததும் போஸ்ட்கிரெஸ்ஸின் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்டிப்பை நாட வேண்டியிருந்தது. மூன்றும் ஒன்று என்ற வசதியான நம்பிக்கை அந்த இடத்தில் முடிந்தது.

இதைவிடத் தெளிவான சான்று சுகாதாரத் துறையில் கிடைக்கிறது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் தலைமையில் உருவாகி, 2006இல் கேரளத்தில் முதன்முதலாக நிறுவப்பட்ட டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளின் மேல்தான், 2020இன் தொடக்கத்தில், கொவிட் தொற்று நாட்டுக்குள் வருவதைக் கண்காணிக்கும் பகுதியை இலங்கைக் குழு உருவாக்கியது. அதைப் பின்பற்றிப் பல நாடுகள் தமக்குரியதை அமைத்துக்கொண்டன. அந்த மென்பொருள் ஹைபர்னேட் என்ற இடையடுக்கின் துணையோடு, போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் முதலிய எதிலும் ஓடும் என்ற அறிவிப்போடு பிறந்தது. இன்று அதற்குப் போஸ்ட்கிரெஸ் மட்டுமே அடித்தளம், போஸ்ட்ஜிஐஎஸ் நீட்டிப்பும் கட்டாயம். எல்லாவற்றுக்கும் பொதுவானதை மட்டும் பயன்படுத்துவது என்றால், ஒவ்வொன்றின் சிறப்பையும் கைவிடுவது என்பதே பொருள். அந்த இழப்பைத் தாங்கும் அளவுக்குச் சிறிதாக அந்த மென்பொருள் இருக்கவில்லை.

இடையடுக்கு வேற்றுமையை நீக்குவதில்லை, மறைக்கிறது. ஜாங்கோ சட்டகமும் 2024 முதல் லாரவெல் சட்டகமும் புதிய செயலியை எஸ்க்யூலைட்டோடு தொடக்கிவைக்கின்றன. மாணவர்கள் அதிலேயே எழுதி, அதிலேயே சோதித்து, பின்னர் போஸ்ட்கிரெஸ்ஸிலோ மைஎஸ்க்யூஎல்லிலோ ஏற்றுகிறார்கள். எஸ்க்யூலைட் ஒரு நிரலின் வகையை ஆலோசனையாகவே கொள்வதால், முழுஎண் நிரலில் ‘தெரியாது’ என்று எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். வகையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் அட்டவணையை 2021 முதல் கேட்டுப் பெறலாம், கேட்காதவர்களுக்குக் கிடைக்காது. மடிக்கணினியில் பச்சை விளக்குக் காட்டிய சோதனைகள் சேவையகத்தில் சிவப்பாகும்போது குற்றம் போஸ்ட்கிரெஸ்மேல் சுமத்தப்படுகிறது, அது மறுத்தது சரியாக இருந்தபோதும்.

குறைகளெல்லாம் பழங்கதை, மைஎஸ்க்யூஎல் திருந்திவிட்டது என்ற பதிலில் உண்மை உண்டு. 2018இல் வந்த 8.0, இயல்புநிலை எழுத்துத் தொகுதியை முழு யுனிகோட்டாக்கியது. கிராம உத்தியோகத்தர் பிரிவிலிருந்து பிரதேச செயலகம், மாவட்டம், மாகாணம் என்று படிப்படியாக ஏறும் மீள்வரு வினவலையும் தந்தது. போஸ்ட்கிரெஸ் 2009இலேயே பெற்றிருந்த இந்த வசதியைப் பொறுத்தமட்டில் ஒப்பீட்டு அட்டவணை நேர்மையானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: இல்லாத காலத்தில் அது இல்லை, எழுதினால் பிழை வந்தது. ஆனால் திருந்தியது பதிப்பு. சேவையகங்களில் ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் அந்தப் பதிப்பல்ல. பழைய செயலி முறிந்துவிடுமே என்று கண்டிப்பான முறையை அணைத்துவைத்த பகிர்வுச் சேவையகங்களும், புதிய பதிப்புக்கு மாற்றியபோதும் இலத்தீனாகவே விடப்பட்ட பழைய நிரல்களும் இன்னும் உண்டு. பதிப்பு இலக்கமும் அமைப்பு முறையும் எழுதப்படாத சரி அடையாளம் எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறது என்பதே தெரியாது.

போஸ்ட்கிரெஸ் பக்தர்களுக்கும் இங்கே ஆறுதல் அதிகமில்லை. அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளைகளைக்கூடப் பரிவர்த்தனைக்குள் வைத்து, பாதியில் தவறினால் முழுவதையும் திரும்பப்பெறும் அதன் ஆற்றல் மைஎஸ்க்யூஎல்லுக்கு இல்லை என்பது மெய். செயலியைப் புதுப்பிக்கும் இரவுகளில் அதன் அருமை தெரியும். ஆயினும், பரிவர்த்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் வரும் விளைவே ஒருங்கே நடந்தாலும் வர வேண்டும் என்ற உச்சத் தனிமைநிலையை, 2011இன் 9.1 பதிப்பு வரை அது பெயரளவிலேயே தந்தது. ஒராக்கிள் இன்றும் அந்தப் பெயரில் அதைவிடத் தளர்ந்த ஒன்றையே தருகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனிச் செயற்பாட்டைத் தொடக்கும் போஸ்ட்கிரெஸ்ஸின் அமைப்பு, சிறிய சேவையகத்தில் கூட்டம் வந்தால் மூச்சுத் திணறும்.

தமிழுக்கே உரிய இரண்டு சோதனைகளில் எந்தத் தரவுத்தளமும் தானாகத் தேறுவதில்லை. முதலாவது வரிசை. யுனிகோட்டில் ன, பவுக்கு முன்னும், ற, ரவுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வவுக்கு முன்னும் வைக்கப்பட்டிருப்பதால், பைற் வரிசையில் ஒழுங்குபடுத்தும் தரவுத்தளம் தரும் பெயர்ப் பட்டியல் நெடுங்கணக்கோடு ஒத்துவராது. மைஎஸ்க்யூஎல்லில் சிங்களத்துக்கென்று தனி வரிசை ஒழுங்கு உண்டு, தமிழுக்கென்று இல்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் 2017இன் 10ஆம் பதிப்பு முதல் ஐசியு என்ற யுனிகோட் நூலகத்தின் தமிழ் ஒழுங்கைக் கேட்டுப் பெறலாம். இரண்டாவது, தம்பிலுவில் அடங்கும் பிரதேச செயலகப் பிரிவின் பெயரிலேயே இருக்கிறது. ‘திருக்கோவில்’ என்பதில் உள்ள ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் ஆகிய இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றே, பைற்றை ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு ஊர். தனித்துவக் கட்டுப்பாடு இரண்டையும் அனுமதிக்கும், அந்நியச் சாவி இரண்டையும் தனித்தனியே சுட்டும், தொகைக் கணக்கில் ஒரே பிரிவு இரு நிரைகளாக வரும். போஸ்ட்கிரெஸ்ஸின் 2020ஆம் ஆண்டு 13ஆம் பதிப்பு முதல், ஒழுங்காக்கப்பட்ட வடிவத்தில் இல்லாத பெயரை மறுக்கும்படி ஒரு வரியில் கட்டுப்பாடு எழுதலாம். மற்றவற்றில் பெரும்பாலும் சேமிப்பதற்கு முன் செயலியே ஒழுங்காக்கி அனுப்ப வேண்டும்.